நெஞ்சுப் பெருந்தமனியில் ஸ்டென்ட் கிராஃப்ட்: அதோடு முடிந்துவிடுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு மகன் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 66 வயது, கைலித் தறி நெய்பவர். பீடிப் பழக்கமும் பிபியும் உண்டு. இருமலுக்கு எடுத்த ஸ்கேனில் நெஞ்சின் இறங்கு பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பி நெஞ்சு வழியாகக் கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய்) 6.2 செ.மீ. வரை வீங்கியிருப்பது தெரிந்தது. வேலூரில் ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். "மார்பைத் திறக்க வேண்டாம் என்பது நிம்மதி. ஆனால் வைத்த பிறகும் வருடா வருடம் ஸ்கேன் எதற்கு? அப்பா எப்போது தறிக்குப் போகலாம்?"

சரி, முதலில் இதை மாரடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அடைப்பைத் திறக்கும். இது கம்பி வலையோடு சேர்த்த துணிக் குழாய். அப்பாவுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மேலே ஏற்றி, வீங்கிய இடத்துக்குள் விரிப்பார்கள். ரத்தம் துணிக்குள்ளேயே ஓடுவதால் மெலிந்த சுவர் மீது அழுத்தம் விழாது. 5.5 செ.மீ.-ஐத் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால் காத்திருக்கச் சொல்லாதது சரியான முடிவு.

அமெரிக்காவில் 2005-ல் ஒப்புதல் பெற்ற முதல் கருவிக்கான ஆய்வில் 140 பேருக்கு இந்த முறையிலும் 94 பேருக்கு மார்பைத் திறந்தும் சிகிச்சை செய்தார்கள். சிகிச்சையை ஒட்டி இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் நூற்றுக்கு சுமார் 2 பேர், திறந்த பக்கம் சுமார் 12 பேர். கால் செயலிழந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 3 பேர், திறந்த பக்கம் 14 பேர். ஆனால் 5 வருடம் கழித்துப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான், நூற்றுக்கு 67, 68 பேர். காரணம், இந்த நோயாளிகளுக்கு வயது, புகை, இதயம், நுரையீரல் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்கேன் எதற்கு? குழாயின் இரண்டு முனையிலும் சுமார் 2 செ.மீ. நல்ல சுவரைப் பிடித்துத்தான் அது நிற்கிறது. வருடங்கள் போகப் போக அந்தச் சுவரும் விரியலாம், பிடி தளரலாம், ரத்தம் வீக்கத்துக்குள் கசியலாம். வலி எதுவும் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். பொதுவாக முதல் மாதம், ஒரு வருடம், அப்புறம் ஆண்டுதோறும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஸ்கேனுக்கான சாய மருந்து ஏற்றாமலும் வீக்கத்தின் அளவைப் பார்க்கலாம். முதலமைச்சர் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், கருவியோடு பின்னாளைய ஸ்கேனுக்கும் பணம் வருமா என்று மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு சில நாள் கழித்தும் கால் மரத்துப்போகலாம், வலு குறையலாம். தண்டுவடத்துக்கு ரத்தம் குறைவதால் வருவது அது. அப்படி ஆனால் ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். திடீரென்று முதுகையோ நெஞ்சையோ பிளப்பது போல வலித்தால் 108. பிபி மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

தறியைப் பற்றி: நடப்பது முதல் வாரத்திலேயே நல்லது. ஆனால் மிதி மிதிக்கும்போது தொடை இடுக்குதான் வேலை செய்கிறது. புண் ஆறி, முதல் ஸ்கேனும் சரியாக இருந்தால், மருத்துவரிடம் கேட்டு மெதுவாகத் தொடங்கலாம். பாவு உருளையைத் தூக்குவதை வேறு யாராவது செய்யட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: இந்த வீக்கம் சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுண்டு. அப்பாவின் அண்ணன் தம்பிகளும் நீங்களும் இதைச் சொல்லி ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.