நிறைந்த சிக்னல், நிற்கும் காணொளி: கேள்வி பதில்

கேள்வி: சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு மேல் காணொளி நின்று நின்றுதான் ஓடுகிறது. ஏன் ஐயா?

பதில்: கோபுரத்தின் அலை உங்களை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதை மட்டுமே அந்தக் கோடுகள் காட்டும்; அதே கோபுரத்தை அந்நேரத்தில் எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைக் காட்டா. அலைக்கற்றை அளவானது என்பதால், தெருவே படம் பார்க்க உட்காரும் வேளையில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லாததால், ஒரே மேசைமேல் இருக்கும் இரண்டு கைப்பேசிகள்கூட வேறுவேறு எண்ணிக்கை காட்டலாம். ஆகவே நான் கோடுகளை நம்புவதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்னும் பகுதியில், சிக்னல் வலிமையை அளக்கும் டிபிஎம் (dBm) அலகில் ஓர் எண் தெரியும். 4ஜியில் அது −85 அளவில் இருந்தால் நல்ல சிக்னல். −115-க்கும் கீழே போனால் மிகவும் பலவீனம். எண் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால், நெரிசலையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: புதிதாக வாங்கிய ஸ்மார்ட் பல்பு வீட்டு வைஃபையில் இணையவே மறுக்கிறது. பல்பில் பழுது இல்லை என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். இத்தகைய பல்புகளும் பிளக்குகளும் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. உங்கள் கைப்பேசியோ 5 ஜிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கக்கூடும். ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பினால் சில செயலிகள் தடுமாறுகின்றன. பல்பை இணைக்கும் வரை 5 ஜிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள். பிறகு மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். அப்படியும் இணையவில்லை என்றால், ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 (WPA3) மட்டும் என்று இருக்கிறதா எனப் பார்த்து, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள். இணைந்தபின் பல்பை விருந்தினர் வைஃபையில் வைப்பதே என் விருப்பம். உங்கள் மடிக்கணினி இருக்கும் வலையமைப்பில் அதற்கு வேலை இல்லை.

கேள்வி: 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி நன்றாகச் செல்லும் என்றால், 5 ஜிகாஹெர்ட்ஸ் எதற்கு?

பதில்: ஒவ்வோர் அலைவரிசையும் சேனல்கள் என்னும் உட்பிரிவுகளாகப் பிரிந்திருக்கும்; 2.4-இல் ஒன்றின்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அவற்றிலேயே முண்டியடிக்க, புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. 5-இல் இடம் தாராளம், வேகமும் அதிகம்.

கேள்வி: ரயிலில் செல்லும்போது, பயன்படுத்தாமலே சார்ஜ் இறங்குகிறதே?

பதில்: கோபுரம் தொலைவில் இருந்தால், கைப்பேசி தன் அலைபரப்பு ஆற்றலைக் கூட்டித்தான் அதை எட்ட வேண்டும்; ஓடும் ரயிலிலோ கோபுரம் மாறிக்கொண்டே இருக்கும், இடையிடையே சிக்னலே இல்லாத பகுதிகளில் தேடலும் ஓயாது. அழைப்பு எதையும் எதிர்பார்க்காத நேரத்தில் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள்.