கோள்களில் தெரியும் ஆற்றுத் தடங்களை வெட்டியது தண்ணீரா, எரிமலைக் குழம்பா?

கேள்வி: வெள்ளி, செவ்வாய், நிலா எல்லாவற்றிலும் ஆற்றுப்படுகை போன்ற தடங்கள் இருக்கின்றன. அங்கே ஓடியது தண்ணீரா, எரிமலைக் குழம்பா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஏற்காட்டுப் பள்ளத்தாக்குகளும் எரிமலைக் குழம்பு ஓடிய வழிதான் என்று அங்கே ஒரு வழிகாட்டி சொன்னார். உண்மையா?

ஏற்காட்டுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். உண்மை இல்லை. இந்த வழிகாட்டிகளுக்கு எரிமலை மீது என்ன மோகமோ தெரியவில்லை, எனக்கும் ஒருவர் இதையே சொல்லியிருக்கிறார். சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. மேலே கிடந்த பாறையெல்லாம் தேய்ந்து போன பிறகுதான் வெளியே தெரிந்தது. அதை அறுத்துப் பள்ளத்தாக்காக்கியது மழை. மலைமேல் உள்ள செம்மண்ணும் பாக்சைட்டும் தீயில் வெந்தவை என்பார்கள். அதுவும் மழையின் வேலைதான்: கரையக்கூடியதையெல்லாம் நெடுங்காலம் கரைத்துக்கொண்டு போய்விட்டு, கரையாத இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் விட்டு வைத்தது.

இனி கோள்களுக்கு வருவோம். மேலிருந்து எடுத்த படத்தில் முதலில் தேட வேண்டியது கிளை. மழை பரவலாகப் பெய்யும். அதனால் நூறு இடத்தில் சிற்றோடை பிறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, போகப்போகப் பெரிதாகும். நல்ல மழைக்கு மறுநாள் ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்கு அடியில் போட்ட சிறு பாலங்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு கலங்கல் ஓடை இறங்கிக்கொண்டிருக்கும். சேலம் நகருக்குள் வரும் திருமணிமுத்தாறு இந்த மலையில் பிறந்து, இப்படிப்பட்ட ஓடைகளைக் கூட்டிக்கொண்டு வருவதுதான்.

எரிமலைக் குழம்புக்கு ஊற்று ஒன்றுதான். ஒரு குழியிலோ வெடிப்பிலோ தொடங்கும்போதே முழு அகலத்தோடு தொடங்கும். போகப்போகக் குறுகி, ஆழம் குறைந்து, கடைசியில் பரவி நின்றுவிடும். வழியில் கிளை பிரியலாம், கிளை வந்து சேருவது அபூர்வம். கரையையும் அதுவே கட்டிக்கொள்ளும். ஓமலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற ஆலையில், ஊற்றிய பாகு ஓரத்தில் முதலில் இறுகி, நடுவில் மட்டும் இளகி நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அப்படி இறுகிய கரை சில இடங்களில் சுற்றுத் தரையைவிட உயரமாகவே நிற்கும்.

நிலாவில் இந்தச் சோதனை சிக்கலில்லாமல் பலிக்கிறது. 1971-இல் அப்போலோ 15-இல் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஹாட்லி என்ற வளைந்து நெளிந்த பள்ளத்தின் விளிம்புவரை சென்றார்கள். அகலம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், ஆழம் 300 மீட்டருக்கு மேல். நீண்ட குழி ஒன்றில் தொடங்குகிறது, கிளை வந்து சேரவில்லை, சுவரில் அடுக்கடுக்காக எரிமலைப் பாறை. அங்கே தண்ணீர் ஓடியிருக்குமோ என்ற சந்தேகம் அவர்கள் கொண்டுவந்த வறண்ட பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை) கற்களோடு தீர்ந்தது.

வெள்ளிதான் திகைக்க வைக்கிறது. 1990 முதல் 1994 வரை அதைச் சுற்றிய மெகல்லன் விண்கலம், மேகத்தை ஊடுருவும் ரேடாரால் பால்டிஸ் வாலிஸ் என்ற தடத்தை முழு நீளத்துக்கும் படம் பிடித்தது. 6,800 கிலோமீட்டர்! காவிரியை எட்டு முறை ஒட்டி வைத்தாலும் போதாது. அகலமோ ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்தான், அதுவும் பெரிதாக மாறுவதில்லை. அங்கே தரையின் சூடு 460 டிகிரிக்கு மேல். இன்றைய வெள்ளியில் தண்ணீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் எந்தக் குழம்பு இவ்வளவு தூரம் உறையாமல் ஓடும்? அடியில் இருக்கும் பாறையையே உருக்கிக்கொண்டு போகும் மிகச் சூடான, நீர்த்த பசால்ட் என்பது ஒரு கருத்து. சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்த கார்பனேட் குழம்பு என்பது இன்னொன்று. சாதாரண எரிமலைக் குழம்பு 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்க, தான்சானியாவின் ஓல்டோய்ன்யோ லெங்காய் எரிமலையில் இன்றும் வரும் கார்பனேட் குழம்பு 600 டிகிரிக்குள்ளேயே தண்ணீர் போல ஓடுகிறது. வெள்ளியின் தரைச் சூட்டுக்கு அது வெகு அருகில் இருப்பதால் அவசரமாக உறைய வேண்டிய தேவை இல்லை. இதை எழுதும்போது எனக்கு ஒரு சிறு பெருமை: கார்பனேட் குழம்பு இறுகிய பாறை உலகில் அரிது, அது நம் சேலம் மாவட்டத்துப் பக்கநாட்டில் இருக்கிறது.

செவ்வாயில்தான் கிளைச் சோதனை காலை வாரிவிடுகிறது. 1971-இன் இறுதியில் அங்கே போன மாரினர் 9 விண்கலம், தூசிப் புயல் அடங்கிய பிறகு அனுப்பிய படங்களில் இரண்டு வகைத் தடங்கள் இருந்தன. பழைய மேட்டு நிலங்களில் கிளைகளோடு கூடிய பள்ளத்தாக்குகள். இவை தண்ணீர்த் தடங்கள் என்பதில் பெரிய சண்டை இல்லை. இன்னொரு வகை, காசெய், ஆரெஸ் போன்ற பிரம்மாண்டத் தடங்கள். இவற்றுக்குக் கிளை கிடையாது, தொடங்கும்போதே முழு அகலம். நான் மேலே சொன்ன கணக்குப்படி இவை குழம்பு ஓடியவை ஆக வேண்டும். ஆனால் பெரும்பாலோர் இவற்றைத் தண்ணீர்த் தடங்கள் என்றே சொல்கிறார்கள். காரணம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. பனிப்பாறை அணைபோட்டுத் தேக்கிய ஏரி உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் நிலமே சீவப்பட்ட இடம் அங்கே உண்டு. செவ்வாய்த் தடங்களில் தெரிகிற, முன்பக்கம் உருண்டு பின்பக்கம் கூர்ந்த அதே தீவுகள், அதே சுரண்டல்கள். 1923-இல் ஜே. ஹார்லன் பிரெட்ஸ் என்ற புவியியலாளர் அதை வெள்ளம் என்றபோது யாரும் நம்பவில்லை. ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன. மழை இல்லாமல், ஒரே வாய் வழியாகவும் தண்ணீர் வரலாம் என்பதுதான் அங்கே கிடைத்த பாடம்.

ஆனால் டேவிட் லெவரிங்டன் என்ற ஆய்வாளர், செவ்வாயின் அந்தப் பெருந்தடங்களையும் நீர்த்த எரிமலைக் குழம்பே வெட்டியிருக்கலாம் என்று வாதாடுகிறார். அதாபாஸ்கா என்ற தடத்தில் எரிமலைக் குழம்பு தரை முழுக்கப் பூசியிருப்பது நன்றாகத் தெரிகிறது. முன்னே தண்ணீர் வெட்டிய வழியில் பின்னே குழம்பு வந்ததா, இரண்டையும் குழம்பே செய்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. லெவரிங்டனின் முடிவு எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அவர் கேட்கும் ஒரு கேள்வி நியாயமானது. அவ்வளவு தண்ணீர் ஓடியிருந்தால், தண்ணீரில் ஊறினால் மாறிவிடும் ஆலிவின் என்ற கனிமம் ஏன் மாறாமல் கிடக்கிறது?

ஆலிவினைப் பற்றிக் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன். நான் சேலத்தில் ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். வெள்ளைக்கல் என்பது மேக்னசைட். சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் உண்டு. அது கிடக்கிற தாய்ப்பாறை டூனைட், கிட்டத்தட்ட முழுதும் ஆலிவின். ஆழத்தில் உருகிய குழம்பிலிருந்து பிறந்த பாறை. கரியமில வாயு கரைந்த தண்ணீர் அதன் வெடிப்புகளில் இறங்கி ஊறினால் ஆலிவினில் உள்ள மக்னீசியம் கார்பனேட்டாக மாறிவிடும், அதுதான் வெள்ளைக்கல். சுரங்கத்தின் வெட்டுச் சுவரில் பார்த்தால் கருத்துப் பழுத்த பாறைக்குள் வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும், வெள்ளைக்கல் சும்மா இருக்கும். அமிலத்தைச் சூடாக்கி விட்டால்தான் பொங்கும். கல் பொறுக்கும் பெண்களுக்கு அமிலம் எதற்கு, சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, உடைந்த முகத்தைப் பார்த்தே இது கூடைக்கு, இது கழிவுக்கு என்று பிரித்துவிடுவார்கள்.

ஆகவே தடத்தின் வடிவம் தடுமாறும் இடத்தில் கல்லைத்தான் கேட்க வேண்டும். உருண்ட கூழாங்கல் ஒரு சாட்சி. எரிமலைக் குழம்பு கல்லை உருட்டி வழவழப்பாக்காது. 2012-இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் அத்தகைய கற்கள் இறுகிய பாறையைக் கண்டதும் பழைய ஓடைப் படுகை என்று துணிந்து சொன்னார்கள். இன்னொரு சாட்சி நம் வெள்ளைக்கல்லின் உறவுக்காரர். பெர்சிவெரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசெரோ என்ற பள்ளத்தில் இறங்கியது. ஆறு வந்து விழுந்த கழிமுகம் மேலிருந்து பளிச்சென்று தெரியும் இடம். அடியில் ஏரி வண்டல் கிடைக்கும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, அங்கே கிடைத்தது குழம்பிலிருந்து பிறந்த, ஆலிவின் மிகுந்த பாறை. அதற்குள் தண்ணீர் புகுந்து உண்டாக்கிய கார்பனேட்டும் இருந்தது. முதலில் நெருப்பு, பிறகு தண்ணீர்: சேலத்தில் நடந்த அதே வரிசை.

ஆலிவின் இன்னும் நிறைய மிச்சமிருப்பதால் தண்ணீர் அங்கே நெடுங்காலம் ஊறவில்லை என்று கொள்ளலாம். எத்தனை ஆண்டு, எந்தக் காலத்தில் என்பதை ஊர்தியின் கருவிகளால் துல்லியமாகச் சொல்ல முடியாது. பாறையின் வயதைக் கணக்கிடப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். அதற்காகவே அந்தப் பாறைத் துண்டுகளைக் குழாய்களில் அடைத்து, பத்துக் குழாய்களைச் செவ்வாயின் தரையிலேயே ஓரிடத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். எடுத்து வர இன்னும் வண்டி போகவில்லை.