'மேஜர் ரிவிஷன்' என்று கடிதம் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கும் படிக்கிறேன். தணிக்கை நிறுவனத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் வந்த பிறகு, இந்திய நிறுவனங்களின் கணக்குகள் நம்பகமாக மாறினவா என்பதுதான் என் கட்டுரை. வெளிநாட்டுக் கணக்கியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பி ஏழு மாதம் கழித்து 'மேஜர் ரிவிஷன்', அதாவது பெரிய திருத்தங்கள் செய்து மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்திருக்கிறது. கட்டுரையை மதிப்பாய்வு செய்த ரிவியூவர்கள் இரண்டு பேர், மொத்தம் 23 குறிப்புகள். ஒருவர் வேண்டும் என்பதை இன்னொருவர் வேண்டாம் என்கிறார். கூட வேலை செய்பவர், "இதை விடுங்கள், பணம் கட்டினால் பத்து நாளில் போடும் இதழ் இருக்கிறது, அங்கே அனுப்புங்கள்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், வாழ்த்துகள். கடிதத்தைப் படித்து மனம் சோர்ந்திருப்பீர்கள். ஆனால் கையில் இருப்பது நல்ல செய்தி. ஏன் என்று புரிய, இந்த ஏழு மாதத்தில் உங்கள் கட்டுரை எங்கெங்கே போய் வந்தது என்று தெரிய வேண்டும்.

கட்டுரை முதலில் எடிட்டரின் மேசைக்குத்தான் போகும். அவர் முன்னுரையையும் அட்டவணைகளையும் பார்த்து, இது நம் இதழுக்கு உரியதா, புதிதாக ஏதாவது சொல்கிறதா என்று முடிவு செய்வார். பெரிய கணக்கியல் இதழ்களில் கணிசமான கட்டுரைகள் இங்கேயே திரும்பிவிடும். 'டெஸ்க் ரிஜெக்ட்' என்பது இதைத்தான். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். அப்புறம் எடிட்டர் அந்தத் துறை தெரிந்தவர்களைத் தேடி மதிப்பாய்வுக்கு அழைப்பார். பலர் நேரமில்லை என்பார்கள், சிலர் பதிலே போட மாட்டார்கள். ஒத்துக்கொள்பவர் பாடம் நடத்துவதற்கும் தன் ஆய்வுக்கும் நடுவே படிக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஏழு மாதத்தில் பெரும்பகுதி இப்படிக் காத்திருந்ததில் போயிருக்கும்.

ரிவியூவர் இரண்டு விஷயங்களை எழுதுகிறார். ஒன்று உங்களுக்கு வந்த அறிக்கை. இன்னொன்று எடிட்டருக்கு மட்டும் போகும் பரிந்துரை, அதை நீங்கள் பார்க்க முடியாது. அறிக்கையில் பதினைந்து குறை எழுதிவிட்டு, "நல்ல கேள்வி, ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று எடிட்டருக்குப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. நானே அப்படிச் செய்திருக்கிறேன். பிடிக்காத கட்டுரைக்குப் பெரும்பாலும் யாரும் நாலு பக்கம் எழுதி நேரம் செலவழிப்பதில்லை. நீளமான அறிக்கை வந்தால் பயப்பட வேண்டாம் என்று என் மாணவர்களிடம் அதனால்தான் சொல்வேன்.

முடிவு எடுப்பவர் எடிட்டர். இதை மறந்துவிட்டு 23 குறிப்புகளையும் ஒரே எடையில் பார்ப்பதுதான் முதல் முறை எழுதுபவர்கள் செய்யும் பெரிய தவறு. எடிட்டரின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். "குறிப்பாக முதல் ரிவியூவரின் இரண்டாம் குறிப்பைக் கவனியுங்கள்" என்பது போல ஒரு வரி இருந்தால் உங்கள் கட்டுரையின் தலையெழுத்து அந்த வரியில்தான் இருக்கிறது.

உங்கள் தலைப்பைப் பார்த்தால் அந்தக் குறிப்பு என்னவாக இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 139-ஆம் பிரிவுப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒரு தணிக்கை நிறுவனத்தைத் தொடர்ந்து பத்து ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பழைய தணிக்கையாளரோடு இருந்தவர்களுக்கு 2014 ஏப்ரலிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் கிடைத்தது. அதனால் பெரிய மாற்றம் 2017-இல் நடந்தது. ஆனால் அதே காலத்தில் வேறு என்னவெல்லாம் வந்தது? 2016 ஏப்ரலில் இண்ட் ஏஎஸ் என்ற புதிய கணக்கியல் தரநிலைகள் 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு வந்தன, மற்ற பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு அடுத்த ஆண்டு. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2017-க்கு முன், பின் என்று மட்டும் ஒப்பிட்டால், தெரியும் மாற்றம் புதிய தணிக்கையாளரால் வந்ததா, புதிய தரநிலையால் வந்ததா, ஜிஎஸ்டியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ரிவியூவர் இதைக் கேட்டிருந்தால் நியாயமான கேள்வி. கோபப்பட இதில் ஒன்றுமில்லை.

வழி இருக்கிறது. 2017-இல் கட்டாயமாக மாற்ற வேண்டியிருந்த நிறுவனங்களை, பத்து ஆண்டு முடியாததால் மாற்ற வேண்டியிராத நிறுவனங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே கட்டத்தில் இண்ட் ஏஎஸ்-க்கு வந்தவையாக இருக்கட்டும். ஜிஎஸ்டியும் பணமதிப்பு நீக்கமும் இரு தரப்புக்கும் பொது, ஆகவே மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்கு அர்த்தம் உண்டு. சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் இரண்டு குழுக்களும் ஒரே போக்கில் இருந்தன என்று ஒரு படம் போட்டுக் காட்டுங்கள். அரசு நிறுவனங்களின் தணிக்கையாளரை நியமிப்பது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி. ஆகவே அவற்றைத் தனியே வையுங்கள் அல்லது நீக்குங்கள், காரணத்தையும் எழுதுங்கள். வெளிநாட்டு ரிவியூவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நம் சட்டத்தை இரண்டு பக்கத்தில் விளக்குவது உங்கள் கட்டுரைக்குப் பெரிய பலம்.

சரி, முரண்பாட்டுக்கு வருவோம். கணக்கு ஜோடிப்பை அளக்க நீங்கள் 1991-இல் வந்த ஜோன்ஸ் மாதிரி என்ற புள்ளியியல் சூத்திரத்தையோ அதன் திருத்திய வடிவத்தையோ பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த அளவீட்டில் பிழை அதிகம், எடுத்துவிடுங்கள் என்று ஒருவரும், இதே போல இன்னும் இரண்டு மாதிரிகளைச் சேருங்கள் என்று மற்றவரும் சொல்வது சகஜம். இரண்டு பேரையும் திருப்திப்படுத்தக் கட்டுரையைப் பிய்த்துப் போடாதீர்கள். முக்கிய அட்டவணையில் நீங்கள் நம்பும் அளவீட்டை வையுங்கள், மற்றவற்றைப் பின்னிணைப்பில் கொடுங்கள், ஏன் இந்தத் தேர்வு என்று இருவருக்கும் ஒரே பதிலை எழுதுங்கள். முரண்பாடு கட்டுரையின் அடிப்படையையே தொட்டால் எடிட்டருக்குச் சின்ன மெயில் போட்டு எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்கலாம். அதில் தவறே இல்லை.

பதில் ஆவணம் எழுதுவது தனிக் கலை. ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாத இடத்தில் காரணம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு சோதனை செய்து எண்ணோடு சொல்லுங்கள். திருத்தும்போது பழைய முடிவு ஏதாவது மாறியிருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரிவியூவர் பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். நீங்களும் ரிவியூவரும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாத முறை என்றால் இந்த ஆவணத்தில் உங்கள் பெயரோ கல்லூரிப் பெயரோ வந்துவிடக் கூடாது, கோப்பின் பண்புகளிலும் பாருங்கள். அவகாசம் போதாது என்றால் முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

தரவைப் பத்திரமாக வையுங்கள். ப்ரோவெஸ் என்ற இந்திய நிறுவனத் தரவுத்தளத்திலிருந்து இறக்கியதாக இருந்தால் மூலக் கோப்பு, இறக்கிய தேதி, மென்பொருளில் எழுதிய கட்டளைகள் எல்லாம். கணக்கியல் இதழ்கள் இதைக் கேட்பதற்குப் பின்னால் வேதனையான கதை இருக்கிறது. அமெரிக்காவின் பென்ட்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் ஹன்டன் 2010-இல் 'தி அக்கவுண்டிங் ரிவியூ' இதழில் வெளியிட்ட கட்டுரை 2012-இல் திரும்பப் பெறப்பட்டது. பல்கலைக்கழகம் விசாரித்து 2014-இல் அவர் தரவைப் புனைந்தார் என்ற முடிவுக்கு வந்தது. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இத்தனையும் ரிவியூவர்களைத் தாண்டி வந்தவை. ரிவியூவர் உங்கள் தர்க்கத்தைச் சோதிப்பார், எண்களை நம்பித்தான் படிப்பார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.

உங்கள் நண்பரின் யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். திருத்தும் வாய்ப்பு நிலுவையில் இருக்கும்போது முறைப்படி விலகாமல் இன்னொரு இதழுக்கு அனுப்பினால் அது இரட்டைச் சமர்ப்பிப்பு, கடுமையான நெறிமீறல். பணத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். முன்னணிக் கணக்கியல் இதழ்கள் சிலவும் சமர்ப்பிக்கக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் நிராகரித்தாலும் அது பெரும்பாலும் திரும்ப வராது, அதாவது அந்தப் பணம் எதையும் வாங்கித் தராது. பத்து நாளில் ஏற்றுக்கொண்டு அப்புறம் பணம் கேட்பது வேறு வியாபாரம். தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்ட யுஜிசி 2019-இல் தொடங்கிய கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது, இதழின் தரத்தை எடைபோடும் பொறுப்பு இப்போது நம்மிடமும் நம் நிறுவனங்களிடமும் வந்திருக்கிறது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் யுஜிசியின் 2022 விதிமுறைகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை ஒரு முறை பாருங்கள், அவசரம் நினைத்த அளவு இல்லாமலும் இருக்கலாம்.

திருத்தியும் நிராகரிப்பார்களோ என்ற பயம் இருக்கும். நடக்கலாம். நிறுவனத்தின் லாப அறிவிப்புக்கும் பங்கு விலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ரே பால், ஃபிலிப் பிரவுன் கட்டுரையை முதலில் 'தி அக்கவுண்டிங் ரிவியூ' ஏற்கவில்லை. அது 1968-இல் 'ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்' இதழில் வந்தது. 1986-இல் அமெரிக்கக் கணக்கியல் சங்கம் முன்னோடிப் பங்களிப்புக்கான தன் முதல் விருதை அந்தக் கட்டுரைக்குத்தான் கொடுத்தது. நல்ல அறிக்கைகளைக் கேட்டுத் திருத்திய கட்டுரை, அடுத்த இதழுக்குப் போகும்போது முன்பைவிட வலுவாகவே போகும்.

இன்றைக்கே எடிட்டருக்கு நன்றி சொல்லி, திருத்தி அனுப்புவேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு அந்த 2017 கேள்வியை மட்டும் முதலில் எடுங்கள். மற்ற 22 குறிப்புகளும் காத்திருக்கட்டும். புதிய ஒப்பீட்டில் உங்கள் முடிவு நின்றால் மீதியெல்லாம் எழுத்து வேலை. நிற்கவில்லை என்றால், சட்டத்தால் மாற்றம் தெரியவில்லை என்று கட்டுரையைத் திருப்பி எழுத முடியுமா என்று எடிட்டரிடமே கேளுங்கள்.