எல்லா அறையிலும் ஒரே பாட்டு, குறைந்த செலவில்: கேள்வி பதில்

கேள்வி: மூன்று அறைகளில் பாட்டு கேட்க வேண்டும். மூன்று ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வைத்துவிட்டால் போதாதா?

போதாது. ப்ளூடூத்தில் பாட்டை அனுப்புவது உங்கள் போன். போனை எடுத்துக்கொண்டு இரண்டு சுவர் தாண்டிப் போனால் பாட்டு திக்கும். அழைப்பு வந்தால் எல்லாமே நின்றுவிடும். ஒரே கம்பெனியின் ஸ்பீக்கர்களைச் சேர்க்கும் 'பார்ட்டி' வசதி ஒரே அறைக்குள் சரிப்படும், வீடு முழுவதற்கும் சரிப்படாது. நமக்கு வேண்டியது, வைஃபை அல்லது லேன் வழியாகப் பாட்டைத் தானே இழுத்துக்கொள்ளும் பிளேயர். அதில் போன் வெறும் ரிமோட்தான்.

எதையும் வாங்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். எத்தனை அறை? ஒரே நேரத்தில் எத்தனை வெவ்வேறு பாட்டு ஓட வேண்டும்? பாட்டு எங்கிருந்து வருகிறது, ஆப்பிலிருந்தா, சொந்தமாகச் சேர்த்து வைத்த கோப்புகளிலிருந்தா? செலவைத் தீர்மானிப்பது நடுவில் இருக்கும் கேள்வி. எப்போதும் எல்லா அறையிலும் ஒரே பாட்டுதான் என்றால் ஒரு பிளேயர், ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), ஒரு ஸ்பீக்கர் செலக்டர் (ஒரே ஆம்பைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), வயர், முடிந்தது. பையன் அறையில் ஒன்று, ஹாலில் இன்னொன்று என்றால் அறைக்கு ஒரு பிளேயரும் ஒரு ஆம்பும் வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு முதல் வகையே போதும். அது தெரியாமல் இரண்டாவது வகைக்குச் செலவழிப்பவர்கள் நிறைய.

கேள்வி: ஹாலில் ஒரு பிராண்ட், கிச்சனில் வேறு பிராண்ட். ஒரே பாட்டைப் போட்டால் முன்னே பின்னே கேட்கிறது. கையால் சரியாகத் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் விலகிவிடுகிறது. ஏன்?

இந்தத் துறையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. அதன் துடிப்பை வைத்துத்தான் பாட்டு ஓடுகிறது. இரண்டு கிரிஸ்டல்கள் அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லி செகண்ட் விலகிவிடும். ஒன்றாகத் தொடங்குவது மட்டும் போதாது, ஓடும்போதும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆப்பிளின் ஏர்பிளே 2, கூகுள் காஸ்ட், சோனோஸ் கம்பெனி ஸ்பீக்கர்கள், இலவச மென்பொருள்களான ஸ்நாப்காஸ்ட், லிரியன் எல்லாமே இதைத்தான் செய்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தன் குடும்பத்துக்குள் மட்டும். அதனால் முதலில் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பெட்டியை. விலை குறைவு என்று ஒரு அறைக்கு மட்டும் வேறு குடும்பத்துப் பெட்டி வாங்கினால், அந்த அறை என்றைக்கும் தனித்தே நிற்கும்.

எவ்வளவு விலகல் பரவாயில்லை? ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகிறது. 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கர் சத்தம், பிளேயர்கள் கச்சிதமாக ஒத்துப்போனாலும், 29 மில்லி செகண்ட் தாமதமாகத்தான் வரும். ஏறக்குறைய 30-க்குள் இருந்தால் காது அதை ஒரே சத்தமாக எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எதிரொலி.

சோதிக்க மெட்ரோனோம் போன்ற 'டிக் டிக்' ஒலியை ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில், கதவு நிலையில் நில்லுங்கள். 'டிக்' ஒன்றாகக் கேட்டால் சரி. 'ட-டிக்' என்று கேட்டால் விலகல் இருக்கிறது. அந்த விலகல் மாறாமல் இருந்தால் திருத்திவிடலாம்: காஸ்ட் குடும்பத்தில் கூகுள் ஹோம் ஆப்பிலும், ஸ்நாப்காஸ்ட், லிரியனில் அந்தந்த பிளேயரின் அமைப்பிலும் தாமதத்தை மில்லி செகண்டில் கொடுக்க இடம் உண்டு. பிளேயருக்குப் பின்னால் ப்ளூடூத் ஸ்பீக்கரை மாட்டியிருந்தால் விலகல் இணைப்புக்கு இணைப்பு மாறும். அதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், வயர் போடுங்கள்.

கேள்வி: பழைய ஆம்பும் ஸ்பீக்கரும் நன்றாக வேலை செய்கின்றன. தூக்கிப் போட மனமில்லை.

போடவே கூடாது. நல்ல ஸ்பீக்கர் முப்பது வருஷம் உழைக்கும். ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருள்தான் ஐந்தாறு வருஷத்தில் கிழடாகும். அதனால் 'ஸ்மார்ட்' பகுதியைத் தனிப் பெட்டியாக வைத்துக்கொள்வதே லாபம். வீம் மினி போன்ற சிறிய ஸ்ட்ரீமரை (நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுக்கும் பெட்டி) ஆம்பின் ஆக்ஸ் துளையில் செருகினால் போதும். ஒன்று கவனியுங்கள்: மினியில் ஏர்பிளே 2 உண்டு, காஸ்ட் கிடையாது. காஸ்ட் வேண்டுமென்றால் வீம் ப்ரோ.

செகண்ட்ஹேண்டில் இரண்டு பொருள் தேடத் தகும். ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், 2012-ல் வந்த வெள்ளைச் சதுரப் பெட்டி: 7.8 ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) போட்டால் ஏர்பிளே 2 கிடைக்கும். சுவரில் நேராகச் செருகும் அதற்கு முந்தைய மாடலுக்கு அது கிடைக்காது, ஏமாந்துவிடாதீர்கள். இன்னொன்று குரோம்காஸ்ட் ஆடியோ. 2019-லேயே தயாரிப்பு நின்றுவிட்டது, ஆனாலும் குழுவாக ஓடும். பழைய சோனோஸ் என்றால், அது எஸ்1 ஆப்பில் மட்டும் ஓடும் மாடலா, எஸ்2-விலும் ஓடுமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். இரண்டையும் ஒரே குழுவில் சேர்க்க முடியாது. எதுவானாலும் விற்பவர் எதிரிலேயே ரீசெட் செய்து, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை (சின்ன கம்ப்யூட்டர் போர்டு) வைத்துச் செய்தால் எவ்வளவு வேலை? பொருட்களும் வழிமுறையும் வேண்டும்.

அறைக்கு ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ, 40 பின்னும் பற்றவைத்து வரும் வகை. அதன்மேல் உட்காரும் டிஏசி போர்டு, அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான ஒலி சிக்னலாக மாற்றுவது. பிசிஎம்5122 சிப் உள்ளது நல்ல தேர்வு. 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர். 8 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு. இவை அறைக்கு. வீட்டுக்குப் பொதுவாக எப்போதும் ஓடும் ஒரு சர்வர் வேண்டும்: பழைய லேப்டாப்போ ஒரு பை 4-ஓ போதும்.

டிஏசி இல்லாமல் பையின் சொந்த ஹெட்போன் துளையிலேயே எடுக்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஜீரோவிலும் பை 5-லும் அந்தத் துளையே இல்லை. பை 3, 4-ல் இருப்பது ஒலிக்கென்று செய்த டிஏசி அல்ல. மெல்லிய பாட்டில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் தெரியும்.

சர்வரில் லிரியன் மியூசிக் சர்வரை நிறுவுங்கள். முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்று இருந்ததுதான், 2024-ல் பெயர் மாறியது. பிரவுசரில் 9000 போர்ட்டில் திறக்கும். பாட்டு இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். அறைக்கான கார்டில் பைகோர்பிளேயரை (பையைப் பிளேயராக்கும் இலவச மென்பொருள்) எழுதி, பூட் பகுதியிலேயே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அடங்கிய கோப்பை வைத்துவிட்டால் திரை, கீபோர்டு எதுவும் தேவையில்லை. பை ஓடத் தொடங்கியதும் ரூட்டரில் அதன் ஐபி முகவரியைப் பார்த்து பிரவுசரில் திறந்து, ஸ்க்வீஸ்லைட் பக்கத்தில் உங்கள் டிஏசி போர்டைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து ரீபூட் செய்யுங்கள். அறையின் பெயரை வையுங்கள். அடுத்த அறைக்குக் கார்டை அப்படியே நகலெடுக்கலாம், ஆனால் பெயரை மாற்ற மறந்தால் எது எந்த அறை என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். பிறகு சர்வர் பக்கத்தில் பிளேயர்களை 'சிங்க்' செய்தால் சேர்ந்து பாடும்.

பைகோர்பிளேயரைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. அது கார்டிலிருந்து ஏறி, முழுக்க ரேமில் ஓடுகிறது. கரண்ட் போனாலும், யாராவது ஸ்விட்சை அணைத்தாலும் கார்டு கெடுவதில்லை. சாதாரண லினக்ஸ் போட்ட பையைச் சொல்லாமல் கொள்ளாமல் அணைத்துக்கொண்டே இருந்தால், ஒருநாள் கார்டு படுத்துவிடும்.

கேள்வி: ஸ்நாப்காஸ்ட் நல்லதா, லிரியன் நல்லதா?

சொந்தப் பாட்டுக் கோப்புகள் நிறைய இருந்தால் லிரியன். சர்வருக்குள் வரும் எந்த ஒலியையும் எல்லா அறைக்கும் அனுப்ப வேண்டுமென்றால் ஸ்நாப்காஸ்ட். அதன் இயல்பு பஃபர் (பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நேரம்) 1000 மில்லி செகண்ட், அதாவது பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்தே சத்தம் மாறும். அது கோளாறு அல்ல.

கேள்வி: ஒரே ஆம்பில் நான்கு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டலாமா?

நேராக இணையாக மாட்டினால் 8-ஐ நான்கால் வகுத்து 2 ஓம். பெரும்பாலான ஆம்புகள் 4 ஓமுக்குக் கீழே சூடாகி அணைந்துவிடும், அல்லது எரிந்துவிடும். இரண்டு ஜோடி என்றால் 4 ஓம், அது பரவாயில்லை. நான்குக்கு, ஆம்புக்குப் போகும் ஓம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்புள்ள ஸ்பீக்கர் செலக்டர் வேண்டும். அறைக்கு அறை வால்யூம் வேண்டுமென்றால், சுவரில் பதிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வகை வால்யூம் கன்ட்ரோல் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள ஜம்பரை (நிலை மாற்றும் சின்ன இணைப்பு) மொத்த ஜோடி எண்ணிக்கைக்கு ஏற்ப, எல்லா அறையிலும் ஒரே நிலையில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடாப்டரில் ஓடும் சின்ன கிளாஸ் டி ஆம்புகளில், டிபிஏ3116 சிப் உள்ளவை உட்பட, ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல. அதிலும் சிக்னல் ஓடுகிறது. வயர் மிச்சப்படுத்த இடது வலது மைனஸை ஒன்றாக முறுக்கினால் சிப் போய்விடும். இரண்டு பக்கத்து மைனஸையும் உள்ளே ஒன்றாக இணைத்திருக்கும் செலக்டரும் இந்த ஆம்புக்கு ஆகாது.

கேள்வி: எந்த அளவு வயர்?

போய்வரும் வயரின் தடை, ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயர் 11 மீட்டர் வரை, 1.5 என்றால் 17 மீட்டர் வரை, 2.5 என்றால் 29 மீட்டர் வரை. 4 ஓமுக்கு இந்தத் தூரங்களைப் பாதியாக்குங்கள்.

இதெல்லாம் சுத்தச் செம்புக்கான கணக்கு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர் சந்தையில் நிறைய. ஒரு இழையை எடுத்து பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் முலாம். தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். சுவருக்குள் போடும் வயரில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

சுவருக்குள் போன பிறகு எந்த முனை பிளஸ் என்று மறந்துவிட்டால், 1.5 வோல்ட் பேட்டரியை ஆம்ப் பக்க முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள் (ஆம்பைக் கழற்றிவிட்டு). ஸ்பீக்கர் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே பிளஸ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போய், பாட்டு வெறுமையாகக் கேட்கும்.

கேள்வி: ஆம்ப் எத்தனை வாட் வேண்டும்? பெட்டியில் 100 வாட் என்று போட்டிருக்கிறது.

பெட்டியை விட்டுவிட்டு அடாப்டரைப் பாருங்கள். அடாப்டரில் ஓடும் கிளாஸ் டி ஆம்பில் வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி, ஓமின் இருமடங்கால் வகுத்தால் சானலுக்கான உச்சவரம்பு கிடைக்கும். 12 வோல்ட், 8 ஓம்: 9 வாட். 24 வோல்ட்: 36 வாட், நடைமுறையில் இன்னும் குறைவு. படுக்கையறைக்கு 9 வாட் தாராளம். பேசிக்கொண்டே கேட்கும்போது 1 வாட்டுக்கும் குறைவாகத்தான் போகிறது. ஹாலுக்கு 24 வோல்ட் அடாப்டர் போடுங்கள்.

கேள்வி: பையும் ஆம்பும் சேர்த்ததிலிருந்து 'கிர்ர்' சத்தம். பாட்டு நின்றாலும் நிற்கவில்லை.

இரண்டுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து, நடுவில் வோல்டேஜ் குறைக்கும் சின்ன போர்டு வைத்துக் கரண்ட் எடுத்திருக்கிறீர்களா? கிரவுண்ட் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. தனித்தனி அடாப்டர் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். போகாவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். மெயின்ஸ் எர்த் பின்னை வெட்டுவது தீர்வே அல்ல. அது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: நெட் வேகம் நன்றாக இருக்கிறது, ஆனால் மாடி அறையில் மட்டும் பாட்டு திக்குகிறது. சில சமயம் அந்த ஸ்பீக்கர் ஆப்பிலேயே தெரிவதில்லை.

சிடி தரப் பாட்டுக்கே அறைக்கு 1.4 மெகாபிட்தான் தேவை. வேகம் பிரச்சினை இல்லை. பாக்கெட்டுகள் தவறுவதும் தாமதமாவதும்தான் பிரச்சினை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் சானலை 1, 6, 11 இவற்றில் காலியாக இருப்பதில் நிலையாக வையுங்கள். பையில் வைஃபையின் 'பவர் சேவ்' வசதியை அணையுங்கள். ஒரே ஒரு பெட்டியைத்தான் லேன் வயரில் போட முடியும் என்றால், சர்வரைப் போடுங்கள். காற்றில் போகும் சுமை பாதியாகும்.

ஆப்பில் தெரியாததற்குக் காரணம் வேறு. போன் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கலாம், அல்லது ரூட்டரில் 'ஏபி ஐசோலேஷன்' (சாதனங்களை ஒன்றையொன்று பார்க்கவிடாத அமைப்பு) போடப்பட்டிருக்கலாம். மாடியில் இரண்டாவது ரூட்டர் வைத்திருந்தால் அது தனி நெட்வொர்க் உருவாக்குகிறதா என்று பாருங்கள். அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் சரியாகும்.

கேள்வி: டிவி சத்தத்தையும் எல்லா அறைக்கும் அனுப்பலாமா?

பக்கத்து அறையில் செய்தி கேட்க மட்டும் என்றால் அனுப்பலாம். டிவி இருக்கும் அறையில் கூடாது. பஃபர் தாமதத்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும். அங்கே டிவியை ஆப்டிகல் வழியாக நேராக ஆம்பில் கொடுத்து, ஸ்ட்ரீமரை இரண்டாவது இன்புட்டில் வையுங்கள்.

கேள்வி: குளியலறை?

ஸ்பீக்கர் மட்டும் உள்ளே. ஆம்பும் அடாப்டரும் வெளியே. காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறிவிடும், பாலிபுரோப்பிலீன் கூம்பு பாருங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. குழு வால்யூமைக் கூட்டினால் கிச்சன் அலறுகிறது, ஹால் முணுமுணுக்கிறது.

எல்லா பிளேயரையும் ஆப்பில் 50 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிங்க் நாய்ஸ் (அளப்பதற்கான சீரான இரைச்சல்) ஓடவிட்டு, அந்தந்த அறையில் நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில், போனின் டெசிபல் ஆப்பால் அளந்து, ஆம்பின் குமிழை மட்டும் திருப்பி எல்லா அறையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே போனால் அளங்கள். எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிட உதவும். குமிழ் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வீடு துடைக்கும்போது யாராவது குமிழைத் திருப்பிவிட்டால், திரும்ப அளக்காமல் கோட்டுக்கே கொண்டுவந்துவிடலாம்.