தொடர் டயாலிசிஸில் நோயாளியின் இரத்தத்தில் பாஸ்பேட் தங்கவில்லையா?
பாஸ்பேட் கலந்த டயாலிசிஸ் திரவப் பைக்கு மாறுங்கள். டயாலிசிஸின் மூன்றாம் நாள் பாஸ்பேட் டெசிலிட்டருக்கு 1.4 மில்லிகிராமாக இறங்கியது, பாஸ்பேட் ஊசி போட்டும் மறுநாள் பழையபடி இறங்கிவிட்டது என்கிறீர்கள். வழக்கமான பைகளில் பாஸ்பேட் இல்லை. 24 மணி நேரமும் ஓடும் இயந்திரமோ அதை அள்ளிக்கொண்டே இருக்கிறது. ஓட்டைப் பானையில் ஒரு குவளை ஊற்றி என்ன பயன்?

இயந்திரத்திலிருந்து வெளியேறும் திரவம், நோயாளியின் எடையில் கிலோவுக்கு மணிக்கு 25 மில்லிலிட்டரைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இந்த 25-ஐயும் 40 மில்லிலிட்டரையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியான ரீனல் (RENAL) ஆய்வில், 40-இல் ஓட்டியும் கூடுதலான நோயாளிகள் உயிர் பிழைக்கவில்லை. பாஸ்பேட் குறைவுதான் கூடியது.

பட்டினிக்குப் பின் உணவு தொடங்கியிருந்தால் அதுவும் பாஸ்பேட் குறையக் காரணமாகலாம். மெக்னீசியத்தையும் பாருங்கள்.

புதிய பையில் பொட்டாசியம் எவ்வளவு என்று படித்துவிட்டே மாட்டுங்கள். பாஸ்பேட் ஊசியையும் கால்சியத்தையும் ஒரே குழாயில் விடவே கூடாது, படிந்துவிடும்.