வாங்குவோர் கேள்வி-பதில்: எரியாத விளக்கை நம்பாதீர்கள்

கார் தொடர்பான கடிதங்கள் மேசையில் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கே இடம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வாங்கி இரண்டே மாதமான காரில் பின்பக்க இடது கதவு உள்ளேயிருந்து திறப்பதில்லை. வெளியிலிருந்து திறக்கிறது. பட்டறையில் பூட்டையே மாற்ற வேண்டும் என்று 4,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? — வாசகர், கரூர்

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கதவைத் திறந்து, மூடினால் மறைந்துவிடும் ஓரப் பகுதியைப் பாருங்கள். பூட்டுக்கு அருகில் ஒரு சிறு பிடியோ, சாவி நுனியால் திருப்பும் துளையோ இருக்கும். அதுதான் சைல்டு லாக்; குழந்தைகள் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடாமல் தடுக்கும் பூட்டு. காரைத் துடைக்கும்போது யாராவது தட்டிவிட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம் தள்ளினால் கதவு திறக்கும். இது தெரியாத மெக்கானிக் இருக்க முடியாது. தெரிந்தே கேட்டிருக்கிறார். அந்தப் பட்டறைப் பக்கம் இனிப் போகாதீர்கள்.

கேள்வி: ஏழு வருடப் பழைய கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 3.6 லட்சம் சொல்கிறார்கள். "மீட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை பாருங்கள், அவ்வளவு சுத்தமான வண்டி" என்கிறார் வியாபாரி. நம்பி முன்பணம் கொடுக்கலாமா? — வாசகர், ஈரோடு

பதில்: அவர் எதைப் பெருமையாகச் சொல்கிறாரோ, அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதே வார்த்தைகளை நம்பி ஒரு காரை வாங்கியவன் நான். ஆறு வயதான வண்டி. இரண்டு ஏர்பேக் உண்டு என்று சொல்லி விற்றார்கள். எட்டு மாதம் கழித்து ஹாரன் வேலை செய்யவில்லை என்று ஸ்டீயரிங்கைப் பிரித்தபோது, ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முன்பு எங்கோ மோதி ஏர்பேக் விரிந்திருக்கிறது. புதிதாக வாங்கிப் போட்டால் செலவு என்று, மேல்மூடியை மட்டும் மாட்டி, மீட்டர் பலகைக்குள் இருந்த எச்சரிக்கை விளக்கையும் பிடுங்கிவிட்டார்கள். அந்த எட்டு மாதமும் என் மனைவியையும் மகளையும் அதில் ஊர் ஊராக அழைத்துப் போயிருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் கோபம் அடங்குவதில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். சாவியைத் திருப்புங்கள்; ஆனால் எஞ்சினை இயக்காதீர்கள். எண்ணெய், பேட்டரி, ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் என எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு என்பது, உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உருவமும் அதன் முன்னால் ஒரு வட்டமும் கொண்ட சின்னம். அது சில விநாடிகள் எரிந்து தானே அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். யாரோ வாயை அடைத்திருக்கிறார்கள். சில கெட்டிக்காரர்கள் அதன் கம்பியை வேறொரு விளக்கோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள். இரண்டும் அணுவளவும் பிசகாமல் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தால் சந்தேகப்படுங்கள். அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லி, அந்தக் காருக்கே உரிய அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரத்தையும் கேளுங்கள். "அதெல்லாம் எதற்கு சார்" என்று வியாபாரி இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கினால் "ஏர்பேக் இரண்டும் அசல், இயங்கும் நிலையில் உள்ளன" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நான் அதைச் செய்யவில்லை; கையில் தாள் இல்லாததால் என்னால் வழக்காட முடியவில்லை. தொழிலாகக் கார் விற்பவர் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போகலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை.

கேள்வி: சென்னைப் பதிவு எண் கொண்ட கார், சந்தை விலையைவிட ஒரு லட்சம் குறைவு. கதவுகள் அவ்வப்போது தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. சிறு வயரிங் வேலை என்கிறார்கள். — வாசகர், விழுப்புரம்

பதில்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் அடியில் சேற்றுக் கோடு இருந்தால் அது 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற ஏதோ ஒன்றில் மூழ்கிய வண்டி. ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பாருங்கள். பல கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி கியருக்கு அருகே தரையில்தான் இருக்கிறது. கதவுப் பூட்டின் வயருக்கு நேர்ந்த கதி அதற்கும் நேர்ந்திருக்கும். வேண்டாம்.

கேள்வி: சீட் பெல்ட் போடாவிட்டால் வரும் சத்தம் தாங்க முடியவில்லை. இணையத்தில் 199 ரூபாய்க்கு ஒரு கிளிப் வாங்கிச் செருகினேன். லொடலொடவென்று இருக்கிறது, சத்தமும் நிற்கவில்லை. எந்தக் கிளிப் தரமானது? பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? ஏர்பேக்தான் இருக்கிறதே என்று நான் பெல்ட் போடுவதில்லை. — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தரமான கிளிப் என்று ஒன்று கிடையாது. அது விற்கப்படவே கூடாத பொருள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டு, இத்தகைய கிளிப்புகளின் 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்கவைத்தது. உங்கள் 199 ரூபாயைத் திரும்ப வாங்கித் தர என்னால் முடிந்தாலும் நான் முயலமாட்டேன்.

ஆனால் கடைசி வரியில் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பெல்ட்டுக்குப் பதில் ஏர்பேக் என்று நினைக்கும் படித்தவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். ஸ்டீயரிங் மேல் பொறித்திருக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்துகளில் முதல் எழுத்துக்கே 'துணை' என்றுதான் பொருள். பெல்ட்டுக்குத் துணை. பெல்ட் இல்லையென்றால் எதற்குத் துணை?

மோதிய பின் ஏர்பேக் முழுதாக விரிய ஏறத்தாழ 30 மில்லி விநாடி போதும். கண் இமைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு அதை மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளியே தள்ளுகிறது. உங்கள் நெஞ்சும் முகமும் அப்போது போதிய தூரம் தள்ளி இருந்தால் அது மெத்தை. பெல்ட் போடாதவர், மோதலுக்கு முன் பிரேக்கை மிதித்த கணத்திலேயே முன்னால் சரிந்துவிடுகிறார். விரிந்துகொண்டிருக்கும் பையில் அவர் முகம் போய் மோதும்போது அது மெத்தையாக இருப்பதில்லை. கழுத்து முறிந்தவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. பெல்ட் போட்டிருந்தாலும் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கும்படி இருக்கையைத் தள்ளிக்கொள்ள வேண்டும்.

பின்னால் உட்காருபவருக்கும் பெல்ட் கட்டாயம் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 138-இல் நெடுநாளாக இருக்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தார். விலையுயர்ந்த வெளிநாட்டு கார் அது, ஏர்பேக்குகள் நிறைந்தது.

முன்னிருக்கைகளில் அந்தச் சத்தம் வந்தே ஆக வேண்டும் என்று 2019 ஜூலை முதல் இந்தியாவில் சட்டமே இருக்கிறது. காரின் விலையில் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். பணம் கொடுத்து வாங்கிய காவலை, மேலும் 199 ரூபாய் கொடுத்துக் கொன்றிருக்கிறீர்கள். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி ஏமாற்றுவதும் இதே பாவம்தான். கிளிப்பைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். இன்றே.

கேள்வி: புது காருக்கு முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பை இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். போடலாமா? — வாசகர், சேலம்

பதில்: கூடாது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி இதைத் தடுத்துவிட்டது. மோதலின் வேகத்தை அந்தக் கம்பி மாற்றிவிடும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கு தவறிப்போகும்.

கேள்வி: திருச்சி சாலையில் வரும்போது சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குடுவை போன்ற விளக்கு எரிந்தது. வீடு 40 கிலோமீட்டர்தானே என்று ஓட்டி வந்துவிட்டேன். எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. 90,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். நிறுவனம் உத்தரவாதத்தில் சேர்க்க மறுக்கிறது. இது அநியாயம் இல்லையா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. சிவப்பு என்றால் நிறுத்து என்று சாலையில் தெரிகிற நமக்கு மீட்டரில் மட்டும் ஏன் தெரிவதில்லை? அந்தக் குடுவை எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லை என்று சொல்கிறது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். சூடு காட்டும் சிவப்பு விளக்குக்கும் அப்படியே. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. மஞ்சள் விளக்கு என்றால் வண்டியை மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். ஆனால் எஞ்சின் உருவ விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதற்கும் நிறுத்துங்கள். வண்டியோடு கொடுத்த கையேட்டில் இதெல்லாம் படம் போட்டு இருக்கிறது. எட்டு லட்சம் கொடுத்து வாங்கியவர் எட்டுப் பக்கம் படித்திருக்கலாம்.

கேள்வி: இரண்டு வயது மகனைக் காரில் உட்காரவைத்து, விளையாடச் சாவியைக் கையில் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் பையை எடுக்கத் திரும்பினேன். அவன் ரிமோட்டை அழுத்திவிட, எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன. நல்ல வெயில். அக்கம்பக்கத்தவர் உதவியால் இருபது நிமிடத்தில் திறந்துவிட்டோம். கண்ணாடியை உடைக்கலாமா என்று தயங்கிக்கொண்டே நின்றேன். அந்தக் குற்ற உணர்வு போகவில்லை. — வாசகி, மதுரை

பதில்: அம்மா, குழந்தை நலமாக இருக்கிறான். அதுவே பெரிது, உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். மற்ற வாசகர்களுக்காகத்தான் இந்தக் கடிதத்தை வெளியிடுகிறேன்.

வெயிலில் மூடிய கார் பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி செல்சியஸ் சூடேறும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகிறது. ஆகவே மாற்றுச் சாவி கையெட்டும் தூரத்தில் இல்லையென்றால் தயங்காமல் உடையுங்கள். குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியை, அதன் மூலையில், கூரான கனத்த பொருளால் அடிக்க வேண்டும். நடுவில் அடித்தால் எளிதில் உடையாது. முன்கண்ணாடியைத் தொடவே வேண்டாம். அது இரண்டு அடுக்காக ஒட்டியது. அதே நேரத்தில் ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். கண்ணாடியின் விலை சில ஆயிரம்தான்.

மாற்றுச் சாவியை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். சாவியை எந்தக் குழந்தைக்கும் விளையாடக் கொடுக்காதீர்கள். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும் திறக்க வழி உண்டு: பெரும்பாலான ரிமோட்டுகளுக்குள் ஒரு சிறு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும்; ஓட்டுநர் கதவின் கைப்பிடியில், சில கார்களில் ஒரு மூடிக்கு அடியில், அதற்கான துளை இருக்கும். நாளைக் காலையில் ஒருமுறை அதைத் திறந்து பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது இருக்கை உறை போட்டதிலிருந்து ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. டேஷ்போர்டில் பிள்ளையார் ஒட்டியதால் இருக்குமோ? — வாசகர், கும்பகோணம்

பதில்: உறை மாட்டியவர் இருக்கைக்கு அடியில் போகும் மஞ்சள் நிற இணைப்பை அசைத்திருப்பார். சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்லுங்கள்; நீங்களே கழற்றி மாட்ட வேண்டாம். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சிறு பட்டை தைத்திருந்தால் அந்த உறையே கூடாது. நான் 9,000 ரூபாய்க்குத் தைத்து மாட்டிய உறையை இந்தக் காரணத்துக்காகவே மறுவாரம் கழற்றினேன். கடைக்காரர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பிள்ளையாரால் விளக்கு எரியாது. ஆனால் பயணி முன்னால் உள்ள ஏர்பேக் மூடியின் மேல் அவர் இருந்தால், விபத்தில் அந்தச் சிலை பயணியின் முகத்தை நோக்கி வரும். பக்தியோடு வேறு இடத்தில் வையுங்கள்.

கேள்வி: லாரியின் பின்புறத்தில் மோதி என் தம்பிக்குத் தலையில் பலத்த அடி. பெல்ட் போட்டிருந்தான். முன்பக்கம் நொறுங்கியும் ஏர்பேக் விரியவில்லை. "மோதிய கோணம் சரியில்லை" என்று கார் நிறுவனத்தார் இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டார்கள். — வாசகி, நாகர்கோவில்

பதில்: அந்த இரண்டு வரியோடு ஓய்ந்துவிடாதீர்கள். எல்லா மோதலிலும் ஏர்பேக் விரியாது என்பது உண்மைதான். பின்னாலிருந்து இடித்தாலோ மெல்ல இடித்தாலோ விரியக் கூடாது. ஆனால் முன்பக்கம் நொறுங்கிய பின் கோணம் பேசுவதை ஏற்க வேண்டியதில்லை. ஹூண்டாய் கிரெட்டா கார் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் என்ன இயற்பியல் வல்லுநரா என்ற பொருளில் கேட்டு, நுகர்வோர் ஆணையம் கொடுத்த இழப்பீட்டை உறுதிசெய்தது. காரைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். காவல் நிலையப் பதிவு, காப்பீட்டு மதிப்பீட்டாளர் அறிக்கை, மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் பதிவான விவரத்தை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். உங்கள் தம்பி எப்படி இருக்கிறார் என்றும்.

கேள்வி: 2012-இல் தயாரான காரைப் பழையதாக வாங்கினேன். ஏர்பேக்கை மாற்ற வரச்சொல்லி நிறுவனத்திலிருந்து பழைய உரிமையாளருக்குக் கடிதம் வந்திருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறது? செலவு ஆகுமா? — வாசகர், தூத்துக்குடி

பதில்: செலவு இல்லை. இரண்டாம் உரிமையாளருக்கும் இலவசம்தான். டகாடா என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஏர்பேக்காக இருக்கலாம். அம்மோனியம் நைட்ரேட் நிரப்பிய அவை வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகளை முகத்தில் வீசுகின்றன. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டவை. நீங்களோ கடலோரத்தில் இருக்கிறீர்கள். இதற்கு எந்த விளக்கும் எரியாது. சேசிஸ் எண்ணைச் சொல்லி எந்தப் பக்கத்து ஏர்பேக் என்று கேளுங்கள். பயணிப் பக்கம் என்றால் மாற்றும் வரை அந்த இருக்கை காலியாக இருக்கட்டும். ஓட்டுநர் பக்கம் என்றால் வண்டியை எடுக்காமல், அவர்களையே வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.