விலை குறைந்த தென் ஆப்பிரிக்க ரெட் ஒயின்களில் வாங்கத் தக்கவை எவை?

பெரிய பண்ணைகள் போடும் சின்ன ஒயினை, அதாவது அவர்களுடைய விலை குறைந்த வரிசையை, வாங்குங்கள். இதுதான் என் பதில். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

நான் கேப் டவுனில் வசிக்கிறேன். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு எடுக்கும் இடத்திலேயே ஒயினும் கிடைக்கும்; பீருக்கும் விஸ்கிக்கும்தான் தனிக் கடைக்குப் போகவேண்டும். நான் சொல்பவை பெரும்பாலும் 100, 150 ராண்டு வாக்கில் விற்பவை. வெளிநாட்டில் வரியைப் பொறுத்து விலை கூடும். ஆனால் இவற்றில் பல லண்டனிலும் ஐரோப்பாவிலும் தாராளமாகக் கிடைக்கின்றன.

முதலில் கானன்காப் கடெட். ஸ்டெல்லன்போஷ் பக்கம் சைமன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் இருக்கும் கானன்காப், இந்த நாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. அவர்களுடைய மேல்தட்டு ஒயின் நம் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. கடெட் அதே வீட்டுப் பிள்ளை. பினோடாஜ், கேபர்னே சாவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃபிரான் என நான்கு திராட்சைகளின் கலவை. மேலே திறந்த சிமெண்ட் தொட்டிகளில் நொதிக்கவிட்டு, மிதந்து வரும் தோலை ஆட்கள் கையாலேயே அமுக்கிவிடுவது அந்தப் பண்ணையின் பழைய வழக்கம். தோலில் இருக்கும் நிறமும் துவர்ப்பும் அப்படித்தான் சாற்றில் இறங்குகின்றன. கடெட்டை ஊற்றியதும் மூக்கில் ஏறுவது பிளம் பழமும் லேசான புகையும். வாயில் துவர்ப்பு தெரியும், ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்காது. ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவேன் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

அடுத்து பினோடாஜ். தென் ஆப்பிரிக்காவுக்கே உரிய திராட்சை இது. 1925-இல் ஸ்டெல்லன்போஷில் அப்ரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளை இனக்கலப்பு செய்து உருவாக்கினார். நிறையப் பேருக்கு இதன்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. தொட்டியில் சூடு ஏறவிட்டால் நெயில் பாலிஷ் போல ஒரு வாடை வந்துவிடும். அப்படி ஒரு மோசமான பாட்டிலைக் குடித்தவர்கள் அதோடு பினோடாஜையே ஒதுக்கிவிட்டார்கள். பேயர்ஸ்க்லூஃப் பினோடாஜைக் குடித்துப் பார்த்துவிட்டு அவர்கள் மறுபடி பேசட்டும். கானன்காப்பில் பல வருடம் ஒயின் செய்த பேயர்ஸ் ட்ரூட்டர் தொடங்கிய பண்ணை அது. அவர்களுடைய சாதாரண பினோடாஜ் விலைக்கு மீறிய தரம்: புளிப்பும் இனிப்புமான செர்ரி வாசனை, அதிகக் கனம் இல்லை. இங்கே பிராய் என்று சொல்லும் கரி அடுப்பில் சுட்ட ஆட்டுக்கறியோடு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

காபி வாசனை அடிக்கும் பினோடாஜும் நிறைய விற்கிறது. 2001-இல் வெலிங்டனில் ஒரு பண்ணை தொடங்கிவைத்த பாணி. நன்றாகக் கருக்கிய ஓக் மரத்திலிருந்து வருகிற மணம் அது. பழத்தின் ருசியை மரம் மூடிவிடுகிறது என்பதால் நான் வாங்குவதில்லை. முதன்முதலாக ரெட் ஒயின் குடிப்பவர்களுக்குப் பிடிக்கிறது, அதுவும் உண்மை.

சிரா என்ற திராட்சையின் ஒயின் வேண்டுமென்றால் ஸ்வார்ட்லாந்தைப் பாருங்கள். கேப் டவுனுக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் வறண்ட பூமி. பல தோட்டங்களில் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது, பாசனமும் கிடையாது; கொடி குட்டைச் செடியாகத் தரையோடு நிற்கும். காய்ப்பு குறைவு, பழம் சின்னது, ருசி அடர்த்தி. ஃபிரான்ஷூக்கைச் சேர்ந்த பூக்கன்ஹவுட்ஸ்க்லூஃப் பண்ணையின் பொர்க்யுபைன் ரிட்ஜ் சிராவில் மிளகு வாசனை தெளிவாகத் தெரியும். அவர்களே போடும் வுல்ஃப்டிராப் இன்னும் மலிவு. அதில் சிராவோடு மூர்வேத்ரும், கூடவே வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையும் கொஞ்சம் சேர்கிறது. பூ மணம் அதனால்தான். வார நாள் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் அடிக்கடி திறப்பது இதுதான்.

பார்ல் பக்கத்து நெடர்பர்க் பரோன் பரவாயில்லை, ஏமாற்றாது. மாணவர்கள் டாஸ்ஸி என்று கூப்பிடும் டாஸ்ஸன்பெர்க், பத்துப் பேர் கூடும் இடத்துக்குச் சரி. ஆனால் மலிவு விலையில், கலவை இல்லாத தனி கேபர்னே சாவின்யோன் ஒயினை எடுக்காதீர்கள். அந்தத் திராட்சைக்கு நல்ல நிலமும் காத்திருப்பும் வேண்டும். இந்த விலையில் இரண்டும் கிடைப்பது அபூர்வம்.

நான் சொன்னது எதுவும் உங்கள் கடையில் இல்லையா? லேபிளில் டபிள்யூ.ஓ. என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். திராட்சை எந்த வட்டாரத்தில் விளைந்தது என்று சொல்லும் சட்டபூர்வமான குறிப்பு அது. 1973 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘வெஸ்டர்ன் கேப்’ என்று இருந்தால் அந்தப் பெரிய மாகாணத்தின் எந்த மூலையிலிருந்தும் பழம் வந்திருக்கலாம். ‘ஸ்டெல்லன்போஷ்’ அல்லது ‘ஸ்வார்ட்லாந்து’ என்று இருந்தால் முழுக்க அங்கே விளைந்ததாக இருக்கவேண்டும். ஒரே விலையில் இரண்டும் இருந்தால் சின்ன வட்டாரத்தை எடுங்கள்.

இன்னொரு விஷயமும் எனக்கு முக்கியம். இந்த நாட்டில் திராட்சைத் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்துவந்த காலம் ஒன்று உண்டு. அந்த முறை சட்டப்படி ஒழிந்துவிட்டாலும், அது உண்டாக்கிய குடிப்பழக்கத்தின் பாதிப்பு குடும்பங்களில் இன்னமும் தெரிகிறது. அதனால் அடிமாட்டு விலைக்கு விற்கும் பெயர் தெரியாத பாட்டிலைத் தொட எனக்கு மனசு வராது. ஃபேர்டிரேட் சின்னமோ, தொழிலாளர் நிலைமையைத் தணிக்கை செய்யும் வியேட்டா அமைப்பின் முத்திரையோ இருந்தால் பத்து ராண்டு கூடக் கொடுத்து அதையே எடுக்கிறேன். நீங்களும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம், ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்பார்கள். அது குளிர்நாட்டு அறை. 30 டிகிரி வெயிலில் மேசைமேல் கிடந்த ஒயினில் ஆல்கஹால் காட்டம்தான் முன்னால் வரும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திறங்கள். பினோடாஜுக்கு இன்னும் பத்து நிமிடம் கூடக் கொடுக்கலாம்.